மண்ணுக்கடியில் ஓர் அமானிதம்

ஒரு நாட்டின் தலைவர்களை எடைபோட உலகத்தார் பல அளவுகோல்களை வைத்திருக்கின்றனர். சிலர் பேச்சாற்றலைப் பார்க்கின்றனர். சிலர் படைபலத்தைப் பார்க்கின்றனர். நம்மவர் பலர் தலைப்பாகையையும் தாடியையும் பார்த்தே நிறைவடைந்துவிடுகின்றனர். இவை எல்லாவற்றினும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை அவர் என்ன செய்தார் என்று கேட்பதே அது. கடைத்தெருவில் ஒருவரை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன் நாம் கேட்கும் அதே கேள்விதான். கடந்த நூற்றாண்டில் ஈரானை வழிநடத்திய தலைவர்களை இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்க விழைகிறேன்.

வடசென்னைக்கு அப்பால், மீஞ்சூரில் வாழும் ஒருவனுக்கு ஈரானோடு என்ன உறவு என்று வாசகச் சகோதர சகோதரிகள் வினவலாம். உறவு உண்டு. நம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்த உறவு அது.

மணலிக்கு வந்த பங்குதாரர்

எங்கள் ஊருக்குத் தெற்கே சில கல் தொலைவில் மணலி இருக்கிறது. அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை அமைக்க 1965 டிசம்பரில் மதராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்னும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் பங்குகளில் 74 விழுக்காடு இந்திய அரசுக்கு. 13 விழுக்காடு அமெரிக்காவின் அமோகோ நிறுவனத்திற்கு. எஞ்சிய 13 விழுக்காடு ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்திற்கு. 1969இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அதன் ஆற்றல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன். பாரசீக வளைகுடாவில் கார்க் தீவை ஒட்டிய தாரியுஸ் வயலின் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. என் சிறு வயதில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பும், பள்ளிப் பாடம் படித்த அரிக்கேன் விளக்கும் எரிந்தது ஈரான் நாட்டு எண்ணெயில்தான் என்றால் அது மிகையாகாது.

1985இல் அமோகோ தன் பங்கை விட்டு விலகியது. ஈரான் விலகவில்லை. 2000ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று மாறியது. அதன் பிறகும் ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் துணை அமைப்பின் பெயரில் ஏறத்தாழ 15.4 விழுக்காடு பங்கு தொடர்ந்தது. மணலியிலேயே உள்ள மதராஸ் உர நிறுவனத்திலும் ஈரானுக்குக் கால் பங்கிற்குச் சற்று மேல் உண்டு.

பங்குப் பட்டியலில் இருக்கும் அந்த ஈரானியப் பெயர் எப்படிப் பிறந்தது? அந்தக் கதையைத் தொட்டால், நவீன ஈரானின் பெருந்தலைவர்கள் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கின்றனர்.

பதினாறு விழுக்காட்டு அடிமைத்தனம்

1901இல் காஜார் வமிசத்து மன்னர் முஸஃப்பருத்தீன் ஷா, வில்லியம் நாக்ஸ் டார்சி என்னும் ஆங்கிலேயருக்கு நாட்டின் மிகப் பெரும் பகுதியில் எண்ணெய் தேடி எடுக்கும் உரிமையை 60 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். ஈரானுக்கு இலாபத்தில் 16 விழுக்காடு. 1908இல் மஸ்ஜிதே சுலைமான் என்னும் இடத்தில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் பிரிட்டிஷ் அரசே அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய காலம் அது.

1921இல் படைபலத்தால் எழுந்து, 1925இல் அரியணையைப் பெற்ற ரிஸா ஷா பஹ்லவி, தொடர்வண்டிப் பாதை போட்டார்; தெஹ்ரான் பல்கலைக்கழகத்தை நிறுவினார். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் 1936இல் ஆணையிட்டுப் பெண்களின் முக்காட்டைக் காவலரைக் கொண்டு களைந்தவரும் அவரே. எண்ணெய் உரிமையை முதலில் ரத்துச் செய்து வீரம் காட்டினார். 1933இலோ புதிய ஒப்பந்தம் செய்து, 1961இல் முடியவேண்டிய அந்த உரிமையை 1993 வரை நீட்டித்துக் கொடுத்தார். குடிமக்களின் உடையில் கைவைக்கும் துணிவு இருந்தது. நாட்டின் செல்வத்தைக் காக்கும் துணிவு கடைசிவரை நிலைக்கவில்லை. 1941இல் ஆங்கிலேய, சோவியத் படைகள் நாட்டினுள் நுழைந்தபோது பதவியிழந்து, 1944இல் தென்னாப்பிரிக்காவில் உயிர் துறந்தார்.

அபாதானில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்று நின்றது. நம் இந்தியர் பலரும் அங்கே பணியாற்றியதுண்டு. ஆலை அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் கூடிய வீடுகள். ஈரானியக் கூலித் தொழிலாளர் பலர் வாழ்ந்த குடிசைப் பகுதியின் பெயர் ‘காகஸாபாத்’, அதாவது காகிதாபாத். எண்ணெய் நிறுவனம் ஈரானுக்குக் கொடுத்த தொகையைவிட பிரிட்டிஷ் அரசுக்கு வரியாகக் கட்டிய தொகையே பெரிதாக இருந்த காலம் அது.

முஸத்திக் என்னும் முதியவர்

இந்த நிலையில்தான் டாக்டர் முஹம்மத் முஸத்திக் அவர்கள் முன்னே வந்தார்கள். 1882இல் பிறந்தவர், சுவிட்சர்லாந்தில் சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். 1925இல் ரிஸா கானை மன்னராக்கும் தீர்மானம் வந்தபோது மஜ்லிஸில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசிய மிகச் சிலருள் ஒருவர். அவருடைய வாதம் நேரானது: மண்ணுக்கடியில் இருப்பது மண்ணின் மக்களுக்கு உரியது.

1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. ஏப்ரல் இறுதியில் முஸத்திக் பிரதமரானார். ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் உரிமையை ஏற்றது. அபாதானுக்குச் சென்று நிர்வாகத்தைக் கைக்கொண்ட குழுவின் தலைவர், தொழுகையைப் பேணும் பொறியியல் பேராசிரியரான மஹ்தி பாஸர்கான். மார்க்க அறிஞர்களில் ஆயத்துல்லாஹ் காஷானி அவர்கள் மக்களைத் திரட்டித் துணை நின்றார்கள். சட்டம் படித்தவரும், பொறியியல் படித்தவரும், மத்ரஸாவில் ஓதியவரும் ஒரே அணியில் நின்ற அரிய காலம் அது.

பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. தன் வல்லுநர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஈரானிய எண்ணெயை வாங்க எவரும் துணியாதபடி முற்றுகையிட்டது. 1952இல் ‘ரோஸ் மேரி’ என்ற கப்பல் ஈரானிய எண்ணெயை ஏற்றிச் சென்றபோது ஏடன் துறைமுகத்தில் மறிக்கப்பட்டது. கப்பல் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதை இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழ்வோருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அபாதானுக்கு ஏறத்தாழக் கப்பலே வரவில்லை. முஸத்திக் மக்களிடம் தேசியக் கடன் பத்திரங்களை விற்று அரசை நடத்தினார். ஐக்கிய நாடுகள் சபைக்கும் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்திற்கும் தாமே சென்று வழக்குரைத்தார். 1952 ஜூலை 22இல் அந்த நீதிமன்றம், இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று கூறியது. ஈரானுக்கு அது வெற்றி.

வெளியிலிருந்து வந்த அடியைத் தாங்கிய அணி, உள்ளிருந்து விரிசல் கண்டது. காஷானியும் முஸத்திக்கும் அதிகாரத்தின் எல்லை பற்றி முரண்பட்டுப் பிரிந்தனர். அந்தப் பிளவில் பகைவர் புகுந்தனர். 1953 ஆகஸ்ட் 19இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் சூழ்ச்சியால் முஸத்திக் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. டாங்கிகள் அவர் வீட்டைத் தாக்கின. அந்தச் சதியில் தன் பங்கை அமெரிக்க உளவுத்துறை தன் ஆவணங்களின் வழியே 2013இல் ஒப்புக்கொண்டது. அறுபது ஆண்டுகள் கடந்து!

இராணுவ நீதிமன்றத்தில் அந்த முதியவர் தமக்காகத் தாமே வாதாடினார். மூன்றாண்டு தனிமைச் சிறை. அதன்பின் தெஹ்ரானுக்கு மேற்கே அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக் காவல். 1967 மார்ச்சில் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு வெளியேற அவருக்கு விடுதலை இல்லை. தம் வீட்டு அறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒப்பந்தம் ஒன்று, மனிதர் மூவர்

இப்போது மணலிக்குத் திரும்புவோம். 1965 டிசம்பரில் சென்னையில் அந்த நிறுவனம் உருவானபோது ஈரானின் மூன்று பெரிய மனிதர்கள் எங்கெங்கே இருந்தனர்?

அரியணையில் முஹம்மத் ரிஸா ஷா. பங்குப் பத்திரம் அவருடைய ஆட்சியின் பெயரால் எழுதப்பட்டது. அந்தத் தேசிய நிறுவனம் பிறக்கக் காரணமான முஸத்திக், அஹ்மதாபாதில் காவலர் சூழக் கிடந்தார். மூன்றாமவரான ஆயத்துல்லாஹ் கொமைனி அவர்கள், இராக்கின் நஜஃப் நகருக்கு நாடு கடத்தப்பட்டவராக இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்திருந்தார்கள். 1964 அக்டோபரில், ஈரானில் குற்றமிழைக்கும் அமெரிக்கப் படையினரை ஈரானிய நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்துப் பேசியதற்கான தண்டனை அது.

அனுபவித்தவர் ஒருவர், உழைத்து இழந்தவர் ஒருவர், வரவிருந்தவர் ஒருவர். நட்டவர் நிழலில் அமர்வது அரிது என்பார்கள். மணலி ஆலையின் பங்குப் பட்டியலைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்த முதியவரின் நினைவே முதலில் வருகிறது.

ஷாவின் கதை சுருக்கமானது. 1973க்குப் பின் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. செல்வம் வெள்ளமாக வந்தது. அதற்கு முன்பே 1971இல் பெர்சிபோலிஸ் பாலைவெளியில் கூடாரமடித்து, 2500 ஆண்டு முடியாட்சியின் பெயரால் உலக மன்னர்களுக்கு விருந்து வைத்திருந்தார். எண்ணெய் வயல்களுக்கும் தாரியுஸ், சைரஸ் என்று பண்டைய மன்னர்களின் பெயர்கள். ஆயுதக் கொள்முதல் பெருகிற்று. சாவாக் என்னும் இரகசியக் காவல்துறையின் சிறைகள் நிரம்பின. 1979 ஜனவரி 16இல் நாட்டை விட்டுச் சென்றார். மணலிக்கு எண்ணெய் தந்த தாரியுஸ் வயலின் பெயரும் புரட்சிக்குப் பின் துரூத் என்று மாறியது.

சுவரில் மாட்டிய படம்

புரட்சி நடந்த ஆண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1979 பிப்ரவரி 1இல் கொமைனி அவர்கள் தெஹ்ரானில் வந்திறங்கினார்கள். அந்நாளில் முஸ்லிம்கள் நடத்திய தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் அவர்களுடைய படம் காணப்பட்டது. என் சாச்சா எங்கிருந்தோ ஒரு படத்தைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் மாட்ட ஆணி தேடினார். அத்தா தடுத்தார்கள்.

“அண்ணே, முடியாட்சியையே விரட்டிய மனிதர். பாயில் உட்கார்ந்து உலகத்தையே நடுங்கவைக்கிறார். இவர் படத்தை மாட்டக்கூடாதா? அவர்கள் ஷீஆ, நாம் சுன்னத் ஜமாஅத் என்பதனாலா?” என்று சாச்சா குறைப்பட்டார்.

“அதனால் இல்லை, தம்பி. உயிரோடு இருக்கும் மனிதரைச் சுவரில் மாட்டினால், நாளை அவர் செய்வதையெல்லாம் சரியென்று நீ சாதிக்க வேண்டிவரும். நல்லது செய்தால் துஆச் செய்வோம். சுவர் சும்மா இருக்கட்டும்” என்றார்கள் அத்தா.

அத்தா அரிசி மண்டிக்காரர். அரசியல் நூல் எதுவும் படித்தவரல்லர். ஆனால் பின்வந்த ஆண்டுகளை நான் அவர்களுடைய அந்தச் சொல்லைக் கொண்டே அளந்து வந்திருக்கிறேன்.

கொமைனி அவர்களின் பாட்டனார் நம் நாட்டிலிருந்து சென்றவர் என்பது பலருக்குத் தெரியாது. லக்னோவுக்கு அருகே, பாராபங்கி மாவட்டத்துக் கிந்தூரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் புறப்பட்ட சையித் அஹ்மத் மூஸவீ அவர்களை ‘ஹிந்தி’ என்றே அழைத்தனர். 1978 ஜனவரியில் ஷாவின் ஆட்சி, கொமைனியை இந்திய வழியினர் என்று இழித்து நாளேடு ஒன்றில் கட்டுரை எழுதச் செய்தது. அதை எதிர்த்துக் கும் நகரில் மூண்ட கிளர்ச்சியே புரட்சியின் பொறியானது.

அவர்களுடைய எளிய வாழ்வைப் பகைவரும் மறுத்ததில்லை. நாட்டின் கனிம வளங்களைப் பொதுச் சொத்தென்று வகுத்தது 1979ஆம் ஆண்டு அரசியல் சட்டம். முதல் பிரதமராக, அபாதானுக்குச் சென்ற அதே பாஸர்கான் அமர்த்தப்பட்டார். ஷாவின் சிறைகளில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவரும், இஸ்லாத்தில் சொத்துரிமை பற்றி நூலெழுதியவருமான ஆயத்துல்லாஹ் தாலிகானி அவர்கள் தெஹ்ரானின் ஜும்ஆவை நடத்தினார்கள். முஸத்திக்கின் காலம் திரும்பிற்றோ என்று நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. தாலிகானி 1979 செப்டம்பரில் மறைந்தார்கள். நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதும் பாஸர்கான் பதவி விலகினார். 1980 செப்டம்பரில் சதாமின் படைகள் ஈரானுக்குள் புகுந்தன. தாக்கப்பட்டவர்கள் தற்காத்துக்கொண்டது நியாயம். ஆயினும் 1982இல் இழந்த மண்ணில் பெரும்பகுதி மீண்ட பின்பும் போர் நீண்டது. 1988 ஆகஸ்டில்தான் ஓய்ந்தது. இரு புறமும் மடிந்த இலட்சக்கணக்கானோரில் மிகப் பலர் கலிமா மொழிந்தவர்கள். அதே 1988இல் ஈரானின் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் தூக்கிலிடப்பட்டனர்.

இங்கேதான் மற்றொரு மனிதரைக் குறிப்பிட வேண்டும். ஆயத்துல்லாஹ் ஹுஸைன் அலீ முந்தஸரி அவர்கள் கொமைனியின் மாணவர். அவருக்கு அடுத்த தலைவர் என்று முறையாக அறிவிக்கப்பட்டிருந்தவர். அந்தத் தூக்குத் தண்டனைகளைக் கண்டித்து அவர்கள் எழுத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில மாதங்கள் வாய்மூடி இருந்திருந்தால் ஒரு நாட்டின் தலைமை அவர்கள் கைக்கு வந்திருக்கும். 1989 மார்ச்சில் அந்த வாய்ப்புப் பறிக்கப்பட்டது. ஜூனில் கொமைனி மறைய, தலைமை ஆயத்துல்லாஹ் கமேனியிடம் சென்றது. முந்தஸரி 1997 முதல் 2003 வரை கும் நகரில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, 2009 டிசம்பரில் மறைந்தார்கள்.

முஸத்திக்கை வீட்டுக் காவலில் வைத்தவர் மன்னர். முந்தஸரியை வீட்டுக் காவலில் வைத்தது மன்னரை விரட்டிய ஆட்சி. மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய் அமானிதம் என்றால், மண்ணுக்கு மேலே நடமாடும் மனித உயிர் அதனினும் பெரிய அமானிதமன்றோ? முன்னதைக் காக்க எழுந்தவர்கள் பின்னதைத் தவறவிட்டபோது அதைச் சுட்டிக்காட்டியவரை, நான் அந்நாட்டின் பெருந்தலைவர் வரிசையில் வைத்தே எண்ணுகிறேன்.

எங்கள் ஊர்க் கிணறுகள்

அண்மையில் என் மகள் வயிற்றுப் பேரன், கைப்பேசியில் வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, “நன்னா, ஈரான் தலைவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா?” என்று கேட்டான். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் பன்னிரண்டு நாள் போர் நடந்ததிலிருந்து இப்படிப்பட்ட கேள்விகள் நம் வீடுகளில் மிகுந்துவிட்டன. ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனைக் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று அந்த நீரைச் சிறிது வாயில் விடச் சொன்னேன். உப்புக் கரித்தது, துப்பிவிட்டான்.

மீஞ்சூர் மண்ணுக்கடியிலும் ஒரு செல்வம் இருந்தது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகைகளின் இனிய நீர் அது. 1960களில் நடந்த ஆய்வுக்குப் பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் வரிசையாக அமைந்தன. நீர் நகரத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது, வயல்களும் இறைத்தன. மழை நிரப்புவதைவிட மனிதர் எடுப்பது மிகுந்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட அந்த ஊடுருவல், பின்னர் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவிற்று. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. இறைவன் இலவசமாய்த் தந்ததை இழந்து, மின்சாரம் செலவழித்து மீட்கிறோம். எடுத்தவர் பலர், எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குக் கேட்டவர் சிலர்.

“மண்ணுக்கடியில் இருப்பது இன்றைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சொந்தம். அதை எவர் காத்தார், எவர் விற்றார், எவர் கேள்வி கேட்டார் என்று ஒவ்வொருவராகப் பார்க்கவேண்டும். மொத்தமாய் நல்லவர், மொத்தமாய்க் கெட்டவர் என்று சொல்லக்கூடாது” என்றேன். அவன் சற்றே யோசித்து, “அப்படியானால் நம் ஊரில் கேள்வி கேட்டவர் யார்?” என்றான். விடை சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

நாம் கற்க வேண்டியது

கொமைனிக்குப் பின் ஈரானை ஆண்ட குடியரசுத் தலைவர்கள் பலர். போரில் சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்ப முனைந்தார் ரஃப்சஞ்சானி. நாகரிகங்களுக்கிடையே உரையாடல் வேண்டும் என்று உலகை அழைத்த காத்தமி, 2003இல் டில்லிக் குடியரசு நாள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். அஹ்மதிநிஜாத், ரூஹானி ஆகியோரைத் தொடர்ந்து வந்த ரயீஸி 2024 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலையில் இருதய அறுவை மருத்துவரான பிஸிஷ்கியான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019 மே மாதத்தில் அமெரிக்கத் தடையின் காரணமாக ஈரானிய எண்ணெயை வாங்குவதை இந்தியா நிறுத்தியது. எண்ணெய் வருவது நின்றது. பங்குப் பட்டியலில் பெயர் மட்டும் எஞ்சியது. 1951இல் அபாதானுக்கு வந்த முற்றுகை, வேறு கொடியின் கீழ் மீண்டும் வந்தது.

நம் சமுதாயத்தில் இரு வகையினரைக் காண்கிறேன். ஈரானியத் தலைவர் எவரையும் குறை சொல்லக்கூடாது, சொன்னால் பகைவருக்குத் துணைபோவதாகும் என்பார் ஒரு சாரார். கொள்கை வேறுபட்டவர்களிடம் நமக்கு என்ன வேலை என்று புறந்தள்ளுவார் மறுசாரார். இரு சாராரும் அந்த மனிதர்களின் வரலாற்றைப் படிக்காமலே தீர்ப்பெழுதுகின்றனர். முற்றுகையின் கொடுமையைக் கண்டிக்கவும், சிறைக்குள் நடந்த கொடுமையைக் கண்டிக்கவும் ஒரே நாவு போதும். நீதி என்பது நம்மவருக்கு ஓர் அளவு, பிறருக்கு ஓர் அளவு என்று நிறுத்தும் தராசு அன்று.

நம் பிள்ளைகளுக்கு முஸத்திக்கின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். காஷானியும் அவரும் பிரிந்ததால் நேர்ந்த இழப்பைச் சொல்லுங்கள். கொமைனியின் எளிமையைச் சொல்லும்போதே முந்தஸரியின் துணிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமோ, பைத்துல்மால் கணக்கோ, ஊராட்சிக் கிணறோ எதுவாயினும், பொதுப் பொருளைக் கையில் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவன்று என்பதையும் சொல்லுங்கள். இந்த வாரம் ஜும்ஆவுக்குப் பின் எங்கள் தெருவில் நான்கு பேர் கூடி, மழைநீரைக் கிணற்றுக்குள் இறக்கும் குழாய் பற்றிப் பேசவிருக்கிறோம். என் பேரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அமானிதத்தைப் பேணும் மக்களாகவும், அதைக் கேட்டுப் பெறும் மக்களாகவும் நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.